மிக வேகமாகத் துடிக்கும் இதயம் ஏன் பலவீனமாகிறது?

திருகோணமலை திருக்கடலூரில் இருக்கும் என் மாமாவுக்கு 52 வயது. பதினேழு வயதிலிருந்து கடலுக்குப் போகிறவர், கரைவலை இழுத்து உரமேறிய தோள். ஒரு வெள்ளிக்கிழமை எங்களோடு கோணேசர் கோயிலுக்கு வந்தபோது, கோட்டை வாசலிலிருந்து மேலே போகும் ஏற்றத்தில் மூன்று தரம் நின்று மூச்சு வாங்கினார். "வயசு போகுதெல்லே" என்றார். செருப்பைக் கழற்றியபோது காலில் வார் பதிந்த தடம் ஆழமாக இருந்தது. இரவில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் படுக்கிறார் என்று மாமி பிறகு சொன்னார். நெஞ்சு படபடக்கிறதா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார்.

முதலில் காட்டிய இடத்தில் வேலைக் களைப்பு என்று சொல்லி விற்றமின் குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து வேறொரு வைத்தியர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். நிமிடத்துக்கு 150. மாமா கதிரையில் ஆறுதலாக உட்கார்ந்திருந்தார், ஓடிவரவில்லை, காய்ச்சல் இல்லை. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், பிறகு ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் 25 வீதத்தை மட்டும் வெளியே தள்ளுகிறது என்றார்கள். சாதாரணமாக அது 55 வீதத்துக்கு மேல் இருக்கவேண்டும்.

மாமி அழத் தொடங்கிவிட்டார். அப்போது அந்த வைத்தியர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "இதயம் பலவீனமானதால் வேகமாக ஓடுதா, வேகமாக ஓடினதால் பலவீனமானதா எண்டு இப்ப சொல்லேலாது. முதலில வேகத்தைக் குறைப்பம். இரண்டாவது காரணமாக இருந்தால் இதயத்தின்ர பலம் திரும்பி வரும்."

நான் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். இதயத்தின் படத்தைக் கரும்பலகையில் எத்தனையோ தரம் கீறியிருக்கிறேன். ஆனால் வேகமே ஒரு நல்ல இதயத் தசையைக் கெடுக்கும், அந்த வேகத்தை அடக்கினால் அதே தசை மீண்டும் தேறும் என்பது அன்றுவரை எனக்கு விளங்கியிருக்கவில்லை. இதய பலவீனம் என்றதும் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் நம்மிடையே நிறைய. அவர்களில் சிலருக்காவது இது உதவட்டும் என்றுதான், அந்த மாதங்களில் படித்து விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன்.

ஒரு துடிப்புக்குள் நடப்பது

நமது இதயத்தில் நான்கு அறைகள். மேலே இரண்டு சோணையறைகள், கீழே இரண்டு இதயவறைகள். இரத்தம் மேலறையில் வந்து சேர்ந்து, கீழறைக்கு இறங்கி, கீழறை சுருங்கும்போது நாடிகளுக்குள் பாய்கிறது. வலது இதயவறை நுரையீரலுக்கு அனுப்பும், இடது இதயவறை உடம்பு முழுவதற்கும் அனுப்பும். இடதுதான் தடித்த சுவர் கொண்டது. இந்தக் கட்டுரையில் பலவீனம் என்று வரும் இடமெல்லாம் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

எப்போது சுருங்குவது என்று முடிவு செய்வது, வலது சோணையறையின் மேற்பகுதியில் இருக்கும் சைன சோணைக் கணு என்ற சிறிய தசைத் துண்டு. 1907 இல் ஆதர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவர் அதை விவரித்தார்கள். கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் வேலை உடனே பிடிபடும். இருபது பேர் கயிற்றைப் பிடித்திருப்பார்கள். ஒருவர் அம்பா பாடுவார். அந்தப் பாட்டின் இழுப்புக்கு எல்லோரும் ஒன்றாகச் சாய்ந்து இழுப்பார்கள், ஒன்றாக விட்டு அடி எடுத்து வைப்பார்கள். கணுதான் அம்பா பாடுகிறவர். கோடிக்கணக்கான தசைக் கலங்கள் கயிறு பிடிப்பவர்கள்.

அந்தப் பாட்டு மேலறையிலிருந்து கீழறைக்கு நேரே போய்விடாது. நடுவில் இன்னொரு கணு இருக்கிறது, சோணை இதயவறைக் கணு. 1906 இல் சுனாவோ தவாரா என்ற ஜப்பானியர் கண்டறிந்தது. மின் செய்தியைக் கொஞ்சம் தாமதித்துத்தான் அது கீழே விடும். அந்தத் தாமதத்தில் மேலறை தன் இரத்தத்தை முழுவதும் கீழறைக்குள் தள்ளி முடித்துவிடும். மேலறையில் குழப்பம் நடக்கும்போது எல்லாச் செய்தியையும் கீழே விடாமல் தடுக்கும் காவலும் அதுதான். இதைப் பிறகு பார்ப்போம்.

ஆறுதலாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு சாதாரணம். 72 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஒரு இலட்சத்துக்கு மேல். ஒவ்வொரு துடிப்பிலும் ஏறக்குறைய 70 மில்லிலீற்றர். பெருக்கிப் பாருங்கள், நிமிடத்துக்கு 5 லீற்றர். நம் உடம்பில் ஓடும் மொத்த இரத்தமும் அவ்வளவுதான். அதாவது நிமிடத்துக்கு ஒரு தரம் முழு இரத்தமும் சுற்றி வருகிறது.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் என் வகுப்பில் எப்போதும் ஒரு பிள்ளை கேட்கும்: அப்படியென்றால் துடிப்பு இரண்டு மடங்கானால் இரத்தமும் இரண்டு மடங்கு போகும்தானே? போகாது. ஏன் என்பதில்தான் இந்த நோயின் முழுக் கதையும் இருக்கிறது.

நிரம்பாத வாளி

கன்னியா வெந்நீரூற்றுக்குப் போயிருப்பீர்கள். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு சூடு. குனிந்து வாளியைத் தாழ்த்தினால் அது சரிந்து நிரம்பக் கொஞ்ச நேரம் வேண்டும். கூட்டமான நாளில் பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தினால், வாளி அரைவாசி நிரம்பும் முன்னமே தூக்கித் தலையில் ஊற்றுவோம். கை இரண்டு மடங்கு வேகமாக வேலை செய்யும், ஆனால் தலை சரியாக நனையாது.

இதயவறையும் அப்படித்தான். சுருங்கிய பிறகு தளரவேண்டும். தளரும்போதுதான் இரத்தம் உள்ளே வந்து நிரம்பும். நிமிடத்துக்கு 75 துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி. அதில் சுருங்க ஏறக்குறைய 0.3, தளர்ந்து நிரம்ப 0.5. இனி 150 துடிப்பு என்று வைப்போம். ஒரு துடிப்புக்கு 0.4 வினாடிதான். இங்கே சுருங்கும் நேரம் அவ்வளவு குறைவதில்லை, 0.2 வினாடிக்குச் சற்று மேல் அது எடுத்துக்கொள்ளும். வெட்டின் பெரும்பகுதி தளரும் நேரத்தில் விழுகிறது. அரை வினாடியாக இருந்தது 0.2 க்கும் கீழே போய்விடுகிறது.

வாளி நிரம்பவில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் குறைகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் வேகம் கூடக் கூட நிமிடத்துக்குப் போகும் மொத்த அளவும் குறையத் தொடங்குகிறது. மேலறையில் இரத்தம் தேங்கும், அங்கிருந்து நுரையீரலுக்குப் பின்னோக்கி அழுத்தம் ஏறும், படுத்தால் மூச்சு முட்டும். மாமாவின் இரண்டு தலையணைக்குக் காரணம் அதுதான். உடம்பில் உப்பும் நீரும் தேங்குவதால் கால் வீங்கும்.

வால்வு சுருங்கியவர்களுக்கு இது இன்னும் மோசம். சிறுவயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் இடது பக்க வால்வு குறுகிப்போனவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். வாளியின் வாயே ஒடுங்கியிருக்கிறது. நிரம்ப அதிக நேரம் வேண்டும். அவர்களுக்கு வேகத் துடிப்பு ஒரு மணி நேரத்திலேயே மூச்சுத் திணறலைக் கொண்டுவரலாம்.

அப்படியானால் ஓடும்போதும் பந்து விளையாடும்போதும் 150, 160 என்று துடிக்கிறதே, அது ஏன் கெடுதல் செய்வதில்லை? இந்தக் கேள்வி நியாயமானது. ஓடும்போது வேகம் தனியாக வருவதில்லை. அதிரினலின் என்ற ஓமோன் வருகிறது, அது இதயத் தசையை விரைவாகத் தளரவும் வைக்கிறது. கால் தசைகள் பிசைந்து பிசைந்து இரத்தத்தை மேலே அனுப்புகின்றன. வாளி வேகமாகத் தாழ்கிறது, கிணற்றில் தண்ணீரும் மேலே ஏறி வருகிறது. அதோடு, ஓட்டம் நின்றால் துடிப்பும் இறங்கிவிடும். மாமாவின் இதயம் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் மாதக்கணக்காக 150 இல் ஓடிக்கொண்டிருந்தது, இந்த உதவிகள் ஒன்றும் இல்லாமல்.

தசைக்குள் என்ன கெடுகிறது

நிரம்பாமை மட்டும்தான் பிரச்சினை என்றால் வேகம் குறைந்த மறுநாளே எல்லாம் சரியாகிவிட வேண்டும். அப்படி ஆவதில்லை. ஏனென்றால் நாள் போகப் போகத் தசைக் கலங்களே மாறிவிடுகின்றன.

முதலில் சாப்பாட்டைப் பார்ப்போம். இதயம் எல்லோருக்கும் இரத்தம் அனுப்புகிறது, ஆனால் தன் அறைக்குள் நிறைந்திருக்கும் இரத்தத்திலிருந்து நேரே எடுத்துக்கொள்ள அதனால் முடியாது. அதற்கென்று முடியுருநாடிகள் இருக்கின்றன. இடது இதயவறை சுருங்கும்போது அதன் சுவருக்குள் ஓடும் அந்தச் சின்ன நாடிகளும் நசுங்கிவிடும். ஆகவே இதயத் தசை தளரும் நேரத்தில்தான் பெரும்பாலும் சாப்பிடுகிறது. முன்பு போட்ட கணக்கைத் திரும்பப் போடுங்கள். 75 துடிப்பில் ஒரு நிமிடத்துக்குள் தளர்ந்திருக்கும் மொத்த நேரம் ஏறக்குறைய 37 வினாடி. 150 துடிப்பில் 30 வினாடிக்கும் குறைவு. வேலை இரண்டு மடங்கு, சாப்பாட்டு நேரம் குறைவு.

கால் தசையாக இருந்தால் வரும் இரத்தத்திலிருந்து இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஒட்சிசனை உறிஞ்சிக்கொள்ளும். இதயத்துக்கு அந்த வழியும் இல்லை. ஓய்விலேயே அது தனக்கு வரும் ஒட்சிசனில் 70 வீதத்துக்கு மேல் எடுத்து முடித்துவிடுகிறது. இன்னும் வேண்டுமென்றால் இன்னும் இரத்தம் வரவேண்டும்.

அடுத்தது சக்தி. இதயத் தசைக் கலத்தின் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு இழைமணிகள். கலத்தின் அடுப்புகள் என்று சொல்லலாம். அவை ஏ.டி.பி. என்ற சக்தி மூலக்கூறைச் செய்து செய்து கொடுக்கின்றன. 300 கிராம் நிறையுள்ள இதயம் ஒரு நாளில் செய்து செலவழிக்கும் ஏ.டி.பி. சுமார் 6 கிலோ. கையில் எந்த நேரமும் இருக்கும் இருப்போ சில வினாடிகளுக்குத்தான் காணும். அன்றாடம் உழைத்து அன்றாடம் அரிசி வாங்கும் வீடு மாதிரி. வேகத் துடிப்பு வாரக்கணக்கில் நீடித்தால் இந்த இருப்பு குறைகிறது, இழைமணிகளின் அமைப்பும் சேதமாகிறது.

மூன்றாவது கல்சியம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1883 இல் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற வைத்தியர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்த் தண்ணீரில் செய்த கரைசலில் இதயம் துடித்தது, வடித்த தூய நீரில் செய்த கரைசலில் நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கல்சியம்தான் வித்தியாசம் என்று கண்டுபிடித்தார். எலும்புக்கும் பல்லுக்கும் என்று நாம் நினைக்கும் அதே கல்சியம், ஒவ்வொரு துடிப்புக்கும் கலத்துக்குள் பாய்ந்து தசை இழைகளைச் சுருங்கச் சொல்கிறது. பிறகு அது வெளியேறவேண்டும். கலத்துக்குள் உள்ள சேமிப்புப் பைகளுக்குள் திரும்ப இறைக்கப்படவேண்டும். அப்போதுதான் தசை தளரும். இறைக்கச் சக்தி வேண்டும்.

தளர்வது என்றால் சும்மா இருப்பது என்று நாம் நினைக்கிறோம். இதயத்துக்குத் தளர்வதும் ஒரு வேலை. சக்தி குறைந்த கலத்தில் கல்சியம் முழுவதும் திரும்பப் போகாது. தசை பாதி இறுகியபடியே நிற்கும், பைகளில் சேமிப்புக் குறைவதால் அடுத்த சுருக்கமும் பலம் குறைந்து வரும். ஆக நிரம்புவதும் கெடுகிறது, தள்ளுவதும் கெடுகிறது.

இதற்குள் உடம்பு சும்மா இருப்பதில்லை. இரத்தம் போதாது என்று கண்டதும் அதிரினலினைக் கூட்டுகிறது, சிறுநீரகத்தின் வழியாக உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. காயப்பட்டு இரத்தம் போன மனிதனைக் காப்பாற்றுவதற்கு இந்த ஏற்பாடு நல்லது. இங்கேயோ அது களைத்த மாட்டை இன்னும் அடிப்பதுபோல. அடி தொடர்ந்தால் இதயக் கலங்கள் அதிரினலினைக் கேட்கும் தங்கள் ஏற்பிகளையே குறைத்துக்கொள்கின்றன. தசைக் கலங்களைப் பிணைத்து வைத்திருக்கும் இழைய வலையும் தளர்ந்துபோகிறது. அறை பெருக்கிறது, சுவர் தடிப்பதில்லை. பெருத்த அறையைச் சுருக்குவதற்கு ஒவ்வொரு கலமும் முன்னைவிட அதிகமாக இழுக்கவேண்டும். வால்வைச் சுற்றியுள்ள வளையமும் விரிவதால் வால்வு சரியாக மூடாமல் இரத்தம் பின்னோக்கிக் கசியலாம்.

இப்படி வேகத்தால் வரும் தசை நோய்க்கு வேகத் துடிப்பு இதயத்தசை நோய் என்று பெயர் சொல்லலாம். 1913 இலேயே கோசேஜ், பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற இருவர், ஒழுங்கற்ற வேகத் துடிப்போடு இதயம் விரிந்துபோன ஓர் இளைஞனைப் பற்றி எழுதினார்கள். வேகம்தான் காரணம் என்பதை ஆய்வுகூடத்தில் காட்டியது 1962 இல், விப்பிள் என்பவரும் அவருடைய குழுவும். விலங்குகளின் இதயத்தை மின்தூண்டலால் வேகமாகத் துடிக்கவைத்தபோது அவற்றுக்கு இதயச் செயலிழப்பு வந்தது. பிறகு நடந்த ஆய்வுகளில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நிமிடத்துக்கு 200 க்கு மேல் துடிக்கவைத்தால் நல்ல ஆரோக்கியமான விலங்கின் இதயம் இரண்டு மூன்று வாரத்தில் தளர்ந்துவிடுகிறது. தூண்டலை நிறுத்தினால் இரண்டு நாளிலேயே முன்னேற்றம் தொடங்குகிறது, ஓரிரு வாரத்தில் தள்ளும் பலம் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. மனிதர்களில் இரண்டுமே மெதுவாக நடக்கும். கெடுவதற்கு மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள். தேறுவதற்குச் சில வாரங்கள் முதல் ஆறு மாதம் வரை.

எந்த வேகத் துடிப்புகள்

காய்ச்சல், பயம், இரத்தசோகை, உடம்பில் நீர் குறைதல் என்பவற்றால் கூடும் துடிப்பில் கணு தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. காரணத்தைப் பார்க்கவேண்டும், துடிப்பையல்ல. நாம் பேசுவது அம்பா பாடுகிறவரின் கையைவிட்டு வேறெவரோ பாட்டைப் பிடித்துக்கொள்ளும் நிலையைப் பற்றி.

மிகச் சாதாரணமாகக் காண்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறையில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை ஒழுங்கே இல்லாத மின் பொறிகள். ஆளுக்கொரு பாட்டு, ஆளுக்கொரு இழுப்பு, வலை நகராது. நடுவில் இருக்கும் காவல் கணு அவற்றில் சிலவற்றை மட்டும் கீழே விடுவதால் இதயவறை 100, 140, 160 என்று தாறுமாறாகத் துடிக்கும். மேலறை சரியாகச் சுருங்காததால் அங்கே இரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும் ஆபத்தும் இதில் உண்டு.

மாமாவுக்கு வந்தது அதன் உறவினரான ஏட்ரியல் ஃபிளட்டர். வலது மேலறையில் ஒரு மின்னோட்டம் வால்வைச் சுற்றி வட்டமாக ஓடிக்கொண்டே இருக்கும், நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று. காவல் கணு இரண்டுக்கு ஒன்றை விடும். ஆக 150. ஒழுங்காகவே துடிக்கும் என்பதால் சந்தேகமே வராது. ஆறுதலாக இருக்கும் ஒருவருக்கு அசையாமல் 150 என்று நின்றால் வைத்தியர்கள் முதலில் இதைத்தான் நினைப்பார்கள்.

கீழறைக்கு மேலிருந்து கிளம்பி, திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கும் எஸ்.வி.டி. என்ற வகை பெரும்பாலும் தசையைக் கெடுப்பதில்லை, வந்து போய்விடுவதால். ஓயாமல் ஓடும் வகைகள்தான் கெடுக்கும். கீழறையிலிருந்தே கிளம்பும் வேகத் துடிப்பு சில நிமிடங்களிலேயே உயிராபத்தாகலாம், அது வேறு கதை. இன்னொன்று, வேகமே இல்லாமல், இடையிடையே முந்திக்கொண்டு வரும் மேலதிகத் துடிப்புகள். எல்லோருக்கும் எப்போதாவது வரும். ஆனால் ஒரு நாளின் துடிப்பில் பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று அப்படி வந்தால் அதுவும் காலப்போக்கில் இதயவறையைத் தளரவைக்கலாம்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. படபடப்பு இருப்பவர் பயந்து ஓடிப்போய்க் காட்டிவிடுவார். படபடப்பே உணராதவருக்குத்தான் இந்த நோய் மாதக்கணக்கில் நீடித்துத் தசையைக் கெடுக்கிறது. மாமாவுக்கு நெஞ்சு ஒரு நாளும் அடித்துக்கொள்ளவில்லை. களைப்பு மட்டும்தான்.

நாடி பிடிப்பது, பரிசோதிப்பது

மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக மூன்று விரலை வையுங்கள். ஐந்து நிமிடம் ஆறியிருந்த பிறகு எண்ணுங்கள். ஒழுங்காக அடித்தால் 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்கலாம். தாறுமாறாக இருந்தால் முழு நிமிடமும் எண்ணவேண்டும். ஓய்வில் 100 க்கு மேல், ஒரு தரமல்ல, பல நாள் தொடர்ந்து அப்படியே இருந்தால் ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும்.

ஒரு நுணுக்கம். ஃபிப்ரிலேஷனில் சில துடிப்புகள் அவ்வளவு சீக்கிரம் வந்துவிடும். வாளி ஏறக்குறைய வெறுமை, மணிக்கட்டுவரை அந்த அலை வந்து சேராது. கையில் 90 எண்ணும்போது நெஞ்சில் 120 அடித்துக்கொண்டிருக்கலாம். வீட்டில் பிறஷர் பார்க்கும் மெஷின் காட்டும் எண்ணும் அப்படியே ஏமாற்றும். அதனால்தான் வைத்தியர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து எண்ணுகிறார்.

ஈ.சி.ஜி. எந்த வகைத் துடிப்பு என்று சொல்லும். வந்து வந்து போகிறதென்றால் துடிப்பைப் பதியும் ஹோல்டர் என்ற சின்னக் கருவியை ஒரு நாள் முழுவதும் உடம்பில் பூட்டிவிடுவார்கள். தசையின் பலத்தை எக்கோ காட்டும். எக்கோ வந்த கதை நம் துறைமுக ஊருக்குப் பிடிக்கும். சுவீடனில் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளர், கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒலியலையால் தேடும் கருவியைப் பார்த்தார். அதே வகைக் கருவியை இரவல் வாங்கி, இன்கே எட்லர் என்ற வைத்தியரோடு சேர்ந்து 1953 இல் மனித இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார். கப்பலின் இரும்பில் தேடிய அந்த ஒலிதான் இன்று கிளினிக்கில் நம் நெஞ்சுக்குள் போய்த் திரும்புகிறது. இவற்றோடு தைரொயிட் இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். தைரொயிட் அதிகம் சுரந்தாலும் துடிப்பு தறிகெடும், அதைத் திருத்தாமல் மற்றதைத் திருத்த முடியாது.

எக்கோவில் பலவீனம் தெரிந்த அன்றே வேகம்தான் காரணம் என்று யாராலும் உறுதியாகச் சொல்லமுடியாது. மாரடைப்பு, மது, பரம்பரை, கிருமித் தொற்று என்று தசை தளர வேறு காரணங்கள் உண்டு, தளர்ந்த இதயமும் தானாகவே வேகத் துடிப்புக்குள் போகும். வேகத்தை அடக்கி, மாதங்கள் கழித்துத் திரும்ப எக்கோ பார்த்து, தசை தேறியிருந்தால்தான் வேகமே குற்றவாளி என்று தீர்ப்பு. நோயின் பெயர் குணமான பிறகுதான் உறுதியாகிறது.

வேகத்தைக் குறைப்பது

இரண்டு வழி. துடிப்பு ஒழுங்கற்றே இருக்கட்டும், காவல் கணுவை இறுக்கிக் கீழே வரும் எண்ணிக்கையைக் குறைப்பது ஒன்று. பீட்டா தடுப்புக் குளிசைகளும் டிகொக்சினும் இதைச் செய்கின்றன. டிகொக்சினின் வேர் 1785 இல் வில்லியம் விதரிங் எழுதிய டிஜிட்டாலிஸ் செடி மருத்துவத்தில் இருக்கிறது. மற்றது, பழைய ஒழுங்குக்கே திருப்புவது: குளிசையால், அல்லது மயக்கம் கொடுத்து ஒரு மின் அதிர்ச்சியால், அல்லது நாளத்தின் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தித் தவறான பாதையைச் சுட்டுவிடும் அப்லேஷனால். எது யாருக்கு என்பது வைத்தியரின் முடிவு. வெராபமில், டில்டியாசெம் என்று வேகம் குறைக்கும் வேறு குளிசைகளும் இருக்கின்றன. தசை பலவீனமானவர்களுக்கு அவை இன்னும் கெடுதல் செய்யலாம். "எனக்கும் படபடப்புத்தான், இதைப் போட்டுப் பார்" என்று பக்கத்து வீட்டு அக்கா அன்போடு நீட்டும் குளிசையை வாங்காதீர்கள். போட்டுக்கொண்டிருக்கும் பீட்டா தடுப்பைச் சொல்லாமல் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

மாமாவுக்கு முதலில் இரத்தம் கட்டாமலிருக்கக் குளிசை தொடங்கினார்கள். ஏற்கெனவே கட்டியிருந்த இரத்தம் மின் அதிர்ச்சிக்குப் பிறகு நழுவிப்போய்விடக் கூடாது என்பதற்காக. மூன்று வாரம் அதைப் போட்ட பிறகு மின் அதிர்ச்சி. சில வினாடியில் 150 போய் 74 வந்தது. பிறகு கொழும்பில் அப்லேஷன். ஃபிளட்டர் ஓடும் வட்டத்தில், வலது வால்வுக்கும் கீழ்ப் பெருநாளத்துக்கும் நடுவே ஒடுக்கமான ஒரு தசைப் பாலம் வரும். அதன் குறுக்கே சுட்டுக் கோடு போட்டால் வட்டம் அறுந்துவிடும். நாலு மாதம் கழித்து எடுத்த எக்கோவில் 52 வீதம். மாமி அன்றும் அழுதார்.

மயக்கம் போட்டு விழுந்தால், நெஞ்சு வலித்தால், சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினால் இந்தக் கட்டுரையை வாசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. இலங்கையில் என்றால் 1990 க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

தேறிய பிறகு

எக்கோவில் எண் திரும்பிவிட்டதென்றால் தசை புதிதாகிவிட்டது என்று அர்த்தமல்ல. விலங்கு ஆய்வுகளில், தள்ளும் பலம் திரும்பி வாரங்கள் கழிந்த பிறகும் அறையின் சுவர் சற்றுத் தடித்தும் தளர்வது கொஞ்சம் தடங்கியும் இருந்தது. மனிதர்களிலும் வேகத் துடிப்பு திரும்ப வந்தால், முதல் முறை ஆண்டுகள் எடுத்த கேடு இரண்டாம் முறை சில மாதத்திலேயே வந்துவிடுவதைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே தேறிய பிறகும் குளிசையும் கிளினிக்கும் தொடரும். களைப்பு நீங்கியதும் கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள் வைத்துவிடுவதுதான் நம்மிடம் நடக்கும் பிழை.

மாமா இப்போது மீண்டும் கடலுக்குப் போகிறார், ஆனால் கரைவலைக்கு இன்னும் அனுமதி இல்லை. விடியப்புறம் தேத்தண்ணி குடிக்குமுன் வாசல்படியில் உட்கார்ந்து ஒரு முழு நிமிடம் நாடி எண்ணி, பேரப்பிள்ளையின் பழைய கணக்குக் கொப்பியில் எழுதிவைக்கிறார். 68, 72, 70. எண் 100 ஐத் தாண்டி, அரை மணி ஆறியிருந்தும் இறங்காவிட்டால், அன்றைக்கு வள்ளம் இறக்காமல் நேரே ஈ.சி.ஜி. எடுக்கப் போவது என்று அவருக்கும் மாமிக்கும் பேச்சு.